கன்னியர் மடத்தில் அடுப்பை எங்கே வைப்பது?

[திரையில்: ஆற்று வளைவு, புல்வெளி, பழைய செங்கல் கட்டடங்கள்]

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில், யாரா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அபட்ஸ்ஃபோர்ட் மடம் இருக்கிறது. 1863-ல் கடல் கடந்து வந்த நல்லாயன் சபைக் கன்னியர்கள் தொடங்கியது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பள்ளி தொடங்கிய அதே சபைதான். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 1975-ல் கன்னியர்கள் இடத்தை விற்றார்கள். 1997-ல் அந்த நிலத்தில் 289 அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. அக்கம்பக்கத்து மக்கள் ஏழு வருடம் போராடி அதைத் தடுத்தார்கள். 2004-ல் மடம் ஒரு பொது அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலிலும் ஏறியது.

இப்படி ஒரு மடம் உங்கள் குழுவின் கைக்கு வருகிறது, அதில் சமையல் பயிற்சிக் கூடமும் ஊர் மக்கள் கூடும் இடமும் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் முதலில் பார்ப்பது அழகான அறையை. உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, நீளமான உணவு மண்டபம். "இங்கேயே சமையலறை!" தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வீடியோ முழுக்க நாங்கள் சொல்லப்போவது ஒன்றுதான்: நெருப்பும் தண்ணீரும் முன்பு எங்கே இருந்தனவோ, அங்கேயே அவற்றைத் திரும்ப வையுங்கள்.

[திரையில்: மடத்தின் தரைத்தள வரைபடம், அடுமனை, சலவைக்கூடம், சமையலறை சிவப்பில்]

அபட்ஸ்ஃபோர்டில் நடந்ததும் அதுதான். மடம் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு, பழைய அடுமனை இருந்த இடத்திலேயே பேக்கரி வந்தது. கன்னியர் காலத்து விறகு அடுப்பிலேயே ரொட்டி சுட்டார்கள். மேல்மாடிச் சிற்றறைகள் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வேலையிடமாகப் போயின. ஒருவர் படுக்க மட்டும் அளந்து கட்டிய அறையில் அடுப்பை நுழைக்க யாரும் முயலவில்லை.

காரணம் எளிது. பழைய சமையலறையிலும் அடுமனையிலும் தரை கல்லோ கான்கிரீட்டோ. சுவரில் சிம்னி ஏற்கெனவே இருக்கும். கழிவுநீர் போன வழி மண்ணுக்கடியில் இருக்கும். குழாய் பழுதாகியிருந்தாலும் பள்ளம் தோண்டிய தடம் அங்கே உண்டு. அதே தடத்தில் புதுக் குழாய் போட்டால் தீண்டப்படாத நிலத்தைக் கிளற வேண்டியதில்லை. தொல்லியல் அனுமதிச் சிக்கலில் பாதி அதிலேயே குறையும்.

மாடியில் மரத்தரை. அந்தக் காலத்து மாடித்தரை சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கினால் பெரிய விஷயம். 150 லிட்டர் கொதிகலன் ஒன்று, நிரப்பிய பிறகு, 300 கிலோவைத் தொடும். அது நிற்பதோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். எடையைக்கூட உத்திரம் சேர்த்துச் சமாளிக்கலாம். தண்ணீரைச் சமாளிக்க முடியாது. சமையலறைத் தரையைத் தினமும் கழுவுவார்கள், மரம் கீழிருந்து உளுக்கும், வெளியே தெரியவரும்போது உத்திரத்தின் முனை சுவருக்குள் மக்கிப் போயிருக்கும்.

[திரையில்: சுவரின் குறுக்குவெட்டு, நீராவி அம்புக்குறிகள்]

இனி நீராவி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் பழைய கட்டடத்துச் சமையலறைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். இடையில் ஈரத்தடுப்புப் படலம் இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. நிலத்து ஈரத்தைச் சுவர் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். அதன் மூச்சு அப்படி. நல்ல கொதியில் இருக்கும் ஒரு பானை மணிக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். எட்டு மேடைகளில் எட்டுப் பானை என்றால் மணிக்கு 16 லிட்டருக்கு மேல். அடுப்பு எரிவாயு என்றால் அதுவும் தன் பங்குக்கு ஈரம் விடும்: ஒரு கன மீட்டர் இயற்கை வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. 20 கிலோவாட் அடுப்பு வரிசை ஒரு மணி நேரம் எரிந்தால், பானையைச் சேர்க்காமலே, 3 லிட்டர்.

உணவகத்தைவிடப் பயிற்சிக்கூடத்துக்கு இதில் ஆபத்து அதிகம். உணவகச் சமையலறை தினமும் எரியும், சுவர் சூடாகவே இருக்கும். பயிற்சிக்கூடம் வார இறுதி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். மெல்பர்னில் குளிர்காலமான ஜூலை மாதத்தில், திங்கள் காலை சுவர் 12 டிகிரியில் இருக்கலாம். வகுப்பு தொடங்கியதும் அறைக் காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்று 16 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். சுவர் வியர்க்கும். அந்த வியர்வையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், பிசுக்கில் பூஞ்சை.

இதைப் பார்த்துப் பயந்து பலர் செய்யும் அடுத்த வேலை இன்னும் மோசம். சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். சுகாதார ஆய்வாளர் சந்தோஷப்படுவார். நிலத்து ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்குப் பின்னால் மேலே ஏறி, டைல்ஸ் முடியும் உயரத்தில் உப்பாகப் பூக்கும். சலவைக்கூடச் சுவர் என்றால் இரட்டை எச்சரிக்கை: பல பத்தாண்டுகள் சலவைச் சோடா ஊறிய செங்கல் உப்பைக் கக்கிக்கொண்டே இருக்கலாம்.

சரியான வழி, பழைய சுவரைத் தொடாமல் அதற்கு முன்னால் 50 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தனிச் சட்டம் நிறுத்துவது. அதன்மேல் கழுவக்கூடிய பலகை. கீழேயும் மேலேயும் காற்று போகும் இடைவெளி, பூச்சி புகாத வலையோடு. நாளை பயிற்சிக்கூடம் காலி செய்தால் சட்டத்தைக் கழற்றலாம், சுவர் பழையபடி இருக்கும். ஆஸ்திரேலிய மரபுப் பாதுகாப்பாளர்கள் 1979-ல் வகுத்த பர்ரா சாசனம் சொல்லும் நெறி இதற்கு நேராகப் பொருந்தும்: தேவையானதைச் செய், ஆனால் இயன்றவரை குறைவாக மாற்று.

[திரையில்: ஹூட், டக்ட், சிம்னி வழித்தடம்]

ஆவியை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே கவிழ்ந்து நின்று புகையையும் ஆவியையும் இழுக்கும் கூடு. 3 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஹூட் என்று எடுத்துக்கொள்வோம். பரப்பு 3.6 சதுர மீட்டர். அதன் வாயில் காற்று விநாடிக்கு 0.35 மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும் என்றால், விநாடிக்கு 1.26 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். மணிக்குச் சுமார் 4,500. அந்தக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்டுக்குள் விநாடிக்கு 7.5 மீட்டர் வேகம் வைத்தால் 460 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக்குழாய் தேவை.

இப்போது அளவு நாடாவோடு சிம்னிக்குப் போங்கள். பழைய அறைச் சிம்னியின் உள்ளளவு பெரும்பாலும் ஒன்றரைச் சாண்தான். 460 நுழையாது. "சிம்னி இருக்கிறதே, அதிலேயே விட்டுவிடலாம்" என்று வரைபடத்தில் கோடு போட்ட திட்டங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பெரிய அடுமனைச் சிம்னியில் இடம் இருக்கலாம். அப்போதும் செங்கல் புழைக்குள் எண்ணெய்ப் புகையை நேராக விடாதீர்கள். அது செங்கல்லில் ஊறித் தீக்கு எண்ணெய் ஊற்றி வைத்தது மாதிரி ஆகும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், மூட்டெல்லாம் முழு வெல்டிங், கிடையாகப் போகும் பகுதியில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் துப்புரவுக் கதவு.

இழுத்த காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று விட வேண்டும், இழுப்பதில் 80 முதல் 90 சதவீதம். இதை மறந்தால் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும். இன்னும் மோசமாக, பக்கத்து விறகு அடுப்பின் சிம்னி தலைகீழாக ஓடி, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். பழைய விறகு அடுப்பையும் புது ஹூடையும் ஒரே காற்றுவெளியில் வைப்பதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே இடையில் கதவு போட்டுப் பிரித்துவிடுங்கள். எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம்.

பயிற்சி மேடைகளுக்கு இண்டக்ஷன்தான் எங்கள் பரிந்துரை. எரிவாயுவின் ஈரமும் வெப்பமும் கழிந்துபோவதால் ஹூட் இழுக்க வேண்டிய காற்று குறைகிறது, டக்ட் சிறுக்கிறது, சிம்னியில் நுழைகிறது. 16 அடுப்பு, ஒவ்வொன்றும் 3.5 கிலோவாட் என்றால் மொத்தம் 56. எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது, 70 சதவீதம் போட்டால் 39 கிலோவாட், த்ரீ ஃபேஸில் ஃபேஸுக்கு 56 ஆம்பியர். ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர் அறை சேர்ந்தால் 100 ஆம்பியரைத் தாண்டும். மின்வாரியத்திடம் இதை முதல் மாதமே கேளுங்கள், இணைப்பு வந்து சேரத்தான் மிக அதிக காலம் பிடிக்கும். ஒரு குறை: அடி உருண்டையான வாணலி இதில் வேலை செய்யாது. வாணலிச் சமையல் கற்பிக்க இரண்டு எரிவாயு அடுப்பைத் தனி ஹூடுக்குக் கீழே வையுங்கள்.

[திரையில்: தரைச் சாய்வு, கிரீஸ் டிராப்]

தரை 80-க்கு 1 சாய வேண்டும். 6 மீட்டர் அறையில் அது 75 மில்லிமீட்டர். வாசற்படி அந்த உயரத்தை ஏற்குமா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் சக்கர நாற்காலி வராது. பழைய கல்தரையின் மேல் பிரிப்புத் தாள் விரித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் பிறகு பெயர்க்கவே முடியாது.

கழிவுநீரில் வரும் கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டிதான் கிரீஸ் டிராப். அதைக் கட்டடத்துக்கு வெளியே, லாரி வந்து உறிஞ்சும் இடத்தில் வையுங்கள். கொழுப்பும் வண்டலும் நாலில் ஒரு பங்கைத் தொட்டால் காலி செய்ய வேண்டும். பாத்திர இயந்திரத்தின் 80 டிகிரி வெந்நீரை நேராக டிராப்புக்குள் விட்டால் கொழுப்பு உருகி அதைக் கடந்துபோய், 20 மீட்டர் தள்ளிப் பழைய மண்குழாயில் உறையும்.

வேலை தொடங்கும் முன் பெயின்ட்டில் ஈயம், சலவைக்கூட நீராவிக் குழாய் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. வெல்டிங், டார்ச் வேலை முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் தீயணைப்பானோடு அங்கேயே இருக்க வேண்டும். மரபுக் கட்டடங்கள் பல எரிந்தது புதுப்பிக்கும் காலத்தில்தான்.

[திரையில்: உணவு மண்டபம், சிற்றாலயம்]

அந்த அழகான உணவு மண்டபத்தை என்ன செய்வது? அங்கே சாப்பிடுங்கள். ஊர் விருந்து, சந்தை, கூட்டம். அபட்ஸ்ஃபோர்டில் விலைப்பட்டியல் இல்லாமல், "முடிந்ததைக் கொடுங்கள்" என்று ஒரு சைவ உணவகம் பல ஆண்டுகள் நடந்தது. மடத்தின் பழைய பண்ணை நிலத்தில் 1979 முதல் குழந்தைகள் பண்ணை இருக்கிறது. சமையல் கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் பால்மாடு கிடைக்காது. சிற்றாலயத்தில் பேச்சும் இசையும் போதும். எண்ணெய்ப் புகை வண்ணக் கண்ணாடியின் ஈய இணைப்புகளில் படிந்தால் துடைக்கவே தனி நிபுணர் வேண்டும்.

சலவைக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பெண்களும் சிறுமிகளும் கூலியில்லாமல் உழைத்தார்கள், பலர் விருப்பமில்லாமல் அடைக்கப்பட்டவர்கள். அவர்களில் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த அறையில் காபிக் கடை திறந்து "வின்டேஜ்" என்று பலகை மாட்டுவதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எதைச் சொல்ல வேண்டும், எந்த அறையை விட்டுவிட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். இது வரைபடம் போடும் முன் நடக்க வேண்டியது, திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அல்ல.

கடைசி வேலை வெள்ளோட்டம். ஆள் சேர்க்கும் முன் எல்லா அடுப்பிலும் தண்ணீர் வைத்து, மூடியில்லாமல், இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். வடக்குச் சுவர், தெற்குச் சுவர், கூரை மூலை மூன்றிலும் ஈரமானி. இதைக் குளிர்காலத்தில், திங்கட்கிழமை காலையில் செய்யுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் ஹூடின் இழுப்பை, அடுத்து உள்வரும் காற்றைச் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சுவர் நனைந்தால், வகுப்புக்கு மூன்று மணி நேரம் முன்பே அறையைச் சூடாக்கும் டைமர் ஒன்று போடுங்கள். முதல் வருடம் முழுக்க அந்த மூன்று மானிகளையும் கழற்ற வேண்டாம்.