அது யாரு டிவிப்பா?

வணக்கம் நேயர்களே. தண்டையார்பேட்டையில் பல வருடம் கேபிள் டிவி நடத்தியவன் நான். பெரிய ஊடக நிறுவனங்களின் செல்வாக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது கம்பிதான், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்த காலத்தில் மொட்டைமாடியில் ஒரு டிஷ், நாலு தெருவுக்குக் கம்பி, அவ்வளவுதான் எங்கள் தொழில். அப்புறம் சேனல்கள் பெருகின. பெரிய நிறுவனங்கள் மொத்தமாகச் சிக்னல் கொடுக்க, நாங்கள் வீட்டுக்கு வீடு சில்லறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சென்னையில் அப்படி வளர்ந்ததில் முக்கியமானது சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். சேனலும் அவர்களுடையது, அது வருகிற கம்பியும் அவர்களுடையது.

கம்பி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு என்ன பலம் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. பொதுவாகச் சொல்கிறேன், யாரையும் குறிப்பிட்டு இல்லை. ஒரு சேனலை ஒழிக்கத் தடையெல்லாம் போட வேண்டியதில்லை. பழைய டிவிப் பெட்டிகளில் முன்வரிசை எண்களில் படம் பளிச்சென்று வரும். கடைசிக்குத் தள்ளினால் புள்ளி புள்ளியாக வரும். "ஏம்பா, அது சரியா தெரியலையே" என்று ஜனங்கள் கொஞ்ச நாள் கேட்பார்கள். அப்புறம் வேறு சேனலுக்குப் பழகிவிடுவார்கள்.

அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 2007-இல் திமுக தலைமைக்கும் சன் குழுமத்து மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்ததும், அதே ஆண்டில் கலைஞர் டிவியும் பிறந்தது, அரசு கேபிள் டிவி நிறுவனமும் பிறந்தது. பிணக்கு தீர்ந்ததும் அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, மாதம் 70 ரூபாய் என்று விலை வைத்து அதை எழுப்பி உட்கார வைத்தார். என் சந்தா வசூல் என்ன ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று. கட்சி சார்ந்த டிவிகளால் நம் ஏரியாக்காரர்கள் பெரிதாக ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காசிமேட்டு டீக்கடையில் செய்தி ஓடினால், "அது அவங்க டிவிப்பா, அப்படித்தான் சொல்லும்" என்பார்கள். கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் நிற்பது பத்திரிகைக்குக் குற்றமும் இல்லை. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதில் முன்நின்ற திரு.வி.க., 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரும்கூட. அவர் எந்தப் பக்கம் என்று மில் முதலாளிக்கும் தெரியும், கூலிக்காரனுக்கும் தெரியும்.

இப்போது அந்தக் கழித்தல் கணக்குத்தான் நடக்கமாட்டேன் என்கிறது. எண்ணூருக்கு வடக்கே இருக்கிற காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்திடம் போனது. அதை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. என்ற செய்தி நிறுவனமும் அதே குழுமத்தின் கைக்கு வந்தது. அந்த சேனல் பொய் சொல்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. பழவேற்காட்டைப் பற்றி அதில் ஒரு செய்தி பார்ப்பவருக்கு, துறைமுகமும் சேனலும் ஒரே முதலாளியுடையவை என்று தெரிந்திருக்க வேண்டாமா? நம் டீக்கடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விஜய் டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஊடக முதலாளி முர்டாக்கின் ஸ்டார் நிறுவனம் வாங்கியது, 2019-இல் டிஸ்னிக்குப் போனது, 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குள் வந்தது. அந்தக் கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்றார்கள். நியூஸ் 18 தமிழ்நாடும் ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதான். உங்கள் போனில் ஜியோ சிம் இருந்தால், நீங்கள் பார்க்கிற சீரியல், கிரிக்கெட், செய்தி, அது வருகிற கம்பியில்லாக் கம்பி எல்லாம் ஒரே பக்கம். என் காலத்துக் கம்பி முதலாளியின் பலம் இதற்குப் பக்கத்தில் வராது.

தனியார் பண்பலை வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிற நாடு இது. டிவி விஷயத்தில் அந்தக் கண்டிப்பைக் காணோம். அரசியல் கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, பெருநிறுவனங்கள் நுழைவதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

சரி, அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். பத்திரிகைகள் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி முடிந்ததும், உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று படிவம் போட்டு அச்சிடும் வழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டிவியில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தங்கம் விலை ஓடுகிற பட்டையில் அதற்கும் ஒரு வரி கொடுக்கலாம். முதலாளிக்கு வேறு என்னென்ன தொழில் என்பதையும் சேர்த்து.