95 டிகிரிக்கு பேஸ்ட் காரணம் இல்ல மக்களே!

வணக்கம் மக்களே! போன வீடியோல கம்ப்யூட்டர் ஆன் ஆயிடுச்சுன்னு குதிச்சேன் இல்லையா, அந்த சந்தோஷம் அன்னிக்கு ராத்திரி வரைக்கும்கூட தாங்கல. சிபியுவை முழு வேகத்துல வேலை வாங்கிச் சோதிக்கிற சினிபெஞ்ச் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாக்கலாம்னு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். மவுஸ்ல இருந்து கையக்கூட எடுக்கல, சிபியு சிப்போட சூடு 95 டிகிரி! ஏறவே இல்லைங்க, நேரா அங்க போய் உக்காந்துடுச்சு.

அதைச் சொன்னதும் நீங்க எல்லாரும் ஒரே பாட்டு. "பேஸ்ட்ட மாத்து, பேஸ்ட்ட மாத்து." சிப்புக்கும் அதோட சூட்டை வெளிய தள்ளற கூலருக்கும் நடுவுல தடவற தெர்மல் பேஸ்ட்டைத்தான் சொல்றீங்க. இன்னொரு கோஷ்டி, "ரைசன்னா 95 சகஜம் ப்ரோ, விட்டுத்தள்ளு." ரெண்டு பேருக்கும் இன்னிக்குப் பதில் இருக்கு.

முதல்ல ரெண்டாவது கோஷ்டி. 95 வரைக்கும் போகலாம்னு ரைசன் சிப்பு கம்பெனியான ஏஎம்டியே சொன்னது உண்மைதான், மறுக்கல. ஆனா அது எந்த சிப்புக்குப் பொருந்தும்? 7950எக்ஸ் மாதிரி 170 வாட் டிடிபி (கூலர் தாங்க வேண்டிய சூட்டுக்கு கம்பெனி சொல்ற கணக்கு) போட்டு, நிஜத்துல 230 வாட் வரைக்கும் இழுக்கிற ராட்சசனுக்கு. நான் போட்டிருக்கிறது வெறும் 7600. டிடிபி 65 வாட், அதிகபட்சமா இழுக்கிறதே 88 வாட். அதுக்கு மேல இவ்வளவு பெரிய டவர் கூலரை உக்கார வெச்சிருக்கேன். இது 95 தொட்டா அது சகஜம் இல்ல, கோளாறு.

இப்ப பேஸ்ட் கோஷ்டி. பேஸ்ட் ரொம்ப ஜாஸ்தியானாலும் சரி, கொஞ்சம் கம்மியானாலும் சரி, வித்தியாசம் சில டிகிரிதான் இருக்கும். முப்பது டிகிரி எல்லாம் பேஸ்ட் போட்ட விதத்தால ஏறாது. பட்டாணி சைஸா, குறுக்குக் கோடா, அஞ்சு புள்ளியான்னு சண்டை போடறதை நான் என்னிக்கும் ரசிச்சதில்ல, பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். அழுத்தம் சரியா இருந்தா எப்படிப் போட்டாலும் பரவிடும்.

அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது? ரெண்டு விஷயம் பாருங்க. ஒன்னு, சூடு எவ்வளவு வேகமா ஏறுது. மெதுவா, பல நிமிஷமா ஏறிக்கிட்டே போனா, கூலர் சூட்டை வாங்குது, ஆனா வெளிய தள்ள முடியல. ஃபேன் சுத்தலையா, கேஸுக்குள்ள காத்து போகுதான்னு பாக்கணும். போட்ட உடனே ஒரே தாவா தாவுச்சுன்னா, சூடு கூலருக்கே போய்ச் சேரல. கூலரும் சிப்பும் ஒட்டல, அவ்வளவுதான்.

ரெண்டாவது, வாட். டிகிரியை மட்டும் பாக்கறது பாதிக் கதை. எச்டபிள்யூ இன்ஃபோன்னு சூடு, வாட் எல்லாம் காட்டற சாஃப்ட்வேரைத் திறந்து சிபியு பவர்னு இருக்கிறதைப் பாருங்க. எனக்கு 95 டிகிரி காட்டும்போது வாட் ஐம்பதுக்குக் கீழ! 88 வரைக்கும் போகக்கூடிய சிப், சூடு தாங்காம தானே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஐம்பதுகூட இழுக்காம தவிக்குது. அதைப் பாத்ததும் பேஸ்ட் சந்தேகமே போயிடுச்சு எனக்கு.

சரி, கழட்டினேன். இருங்க, கழட்டறதுக்கு முன்னாடி ஒன்னு. கூலரைப் பிடிச்சு நேரா மேல இழுக்காதீங்க. கொஞ்ச நேரம் ஓட்டி பேஸ்ட்டைச் சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, ஒயரைப் பிடுங்கிட்டு, அப்புறம் இடமும் வலமுமா லேசா திருகிக்கிட்டே எடுங்க. ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டுல சிப்பு உக்கார்ற இடம்) வெச்சிருக்கிறவங்களுக்குப் பயம் கம்மி, சிப்பை ஒரு உலோகச் சட்டம் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு முந்தின ஏஎம்4 சாக்கெட் காரங்க ஜாக்கிரதை! அதுல சிப்பு அப்படியே கூலரோட ஒட்டிக்கிட்டு சாக்கெட்ல இருந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும். பின் வளைஞ்சா அழுகைதான்.

எடுத்துத் திருப்பிப் பாத்தா, நான் போட்ட பேஸ்ட் நடுவுல மொத்தையா அப்படியே நிக்குது. பரவவே இல்ல. ஓரமெல்லாம் பளபளன்னு இருக்கு. ஸ்டிக்கர் எடுத்தியான்னு கேக்கறவங்களுக்கு, அடியில இருந்த பிளாஸ்டிக் ஃபிலிமை உரிச்சதை போன வீடியோல கேமரா முன்னாடியே காட்டினேன். திரும்பப் போய்ப் பாருங்க.

இப்பதான் எனக்குக் கோவம் வந்த இடம். இந்தக் கூலர் பெட்டியில ரெண்டு பாக்கெட் ஸ்பேசர். மதர்போர்டுக்கும் கூலரை மாட்டற உலோகப் பட்டைக்கும் நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் குழாய். ஒரு செட் ஏஎம்டிக்கு, இன்னொரு செட் இன்டெலுக்கு. ரெண்டும் ஒரே சாம்பல் கலர், ஒரே தடிமன். உயரம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறுது. பாக்கெட் மேல ஏ, பி-ன்னு ஸ்டிக்கர். மேனுவல்ல ஏஎம்டிக்கு ஏ-ன்னு போட்டிருக்கு. நானும் ஏ பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டேன். ஆனா ஃபேக்டரியிலயே ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்காங்க! கம்பெனி பேர் வேண்டாம், ஆனா இது என்னங்க நியாயம்? ஒன்னை கறுப்பா, ஒன்னை வெள்ளையா வார்த்திருந்தா ஸ்டிக்கரே தேவையில்லையே. ஃபேன்ல ஏழு கலர் லைட்டு வைக்கத் தெரியுது, நாலு பிளாஸ்டிக் குழாய்க்கு ரெண்டு கலர் கொடுக்கத் தெரியல.

அதுலயும் கொடுமை என்னன்னா, ஸ்க்ரூ நல்லா இறுகின மாதிரியே இருக்கும். இந்த ஸ்பிரிங் ஸ்க்ரூ ஒரு அளவுக்கு மேல போகாது, தானா நின்னுடும். மரை கோணலா ஏறின டப்பா மூடி மாதிரிங்க, கைக்கு இறுகிடுச்சுன்னு தோணும், வாய் மூடியிருக்காது. பட்டை ஒரு மில்லிமீட்டர் உசரமா நின்னதால கூலர் சிப்பு மேல சும்மா சாஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

ஸ்டிக்கர் மாறியிருக்குன்னு எப்படித் தெரிஞ்சது? மேனுவல்ல ஒரு மூலையில பொடி எழுத்துல உயரம் போட்டிருக்கான். ஸ்கேல் வெச்சு அளந்தேன். ஏ-ன்னு ஒட்டினதுல பி-யோட அளவு. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, கம்ப்யூட்டர் முதல் தடவை ஆன் ஆனப்பகூட அவ்வளவு வரல.

அப்புறம் வேலை சீக்கிரம் முடிஞ்சது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பேஸ்ட்டைத் துடைச்சேன். ஏஎம்5 சிப்போட மூடியில ஓரத்துல வெட்டு வெட்டா இருக்கும், அந்தச் சந்துல பேஸ்ட் போயிடுச்சேன்னு குச்சி விட்டுக் குடையாதீங்க. சாதாரண பேஸ்ட்ல கரன்ட் பாயாது. லிக்விட் மெட்டல்தான் ஆபத்து, அது வேற சாதி. ஸ்பேசர் மாத்தி, பட்டை மாட்டி, கூலரை வெச்சு, ஸ்க்ரூவை இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி முடுக்கினேன். ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் போனா கூலர் சாஞ்சு உக்காரும்.

ஆங், ஃபேன் பக்கம் சொல்லாம விட்டுட்டேன். ஃபேனோட நடுவுல மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம் இருக்கிற பக்கம்தான் காத்து வெளிய வரும். அந்தப் பக்கம் கூலரைப் பாத்து இருக்கணும், கூலரைத் தாண்டி கேஸோட பின் ஃபேனுக்குப் போகணும். ஒயரை சிபியு ஃபேன்னு எழுதியிருக்கிற பின்லயே சொருகுங்க. வேற எங்கயாவது சொருகினா ஃபேன் சுத்தும், ஆனா ஆன் பண்ணும்போது "சிபியு ஃபேன் எரர்"னு நிறைய போர்டு அடம் பிடிக்கும்.

திரும்ப சினிபெஞ்ச். 40... 52... 60... அப்படியே நிதானமா ஏறி 66-ல நின்னுது! வாட் 85-க்கு மேல. அதே பேஸ்ட் டியூப் மக்களே, அதே பேஸ்ட்!

இன்னொரு தொல்லை பாக்கி இருந்துது. பிரௌசர்ல ஒரு டேப் திறந்தாக்கூட ஃபேன் "விர்ர்"னு ஏறி இறங்குச்சு. ரைசன் சூடு சின்ன வேலைக்கே சட்டுனு எகிறி சட்டுனு இறங்கும், ஃபேனும் பின்னாடியே ஓடுது. பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ்ல போய் 60 டிகிரி வரைக்கும் ஃபேன் வேகத்தை ஒரே நேர்கோடா வெச்சேன், அதுக்கு மேலதான் ஏத்தம். ஃபேன் ஸ்டெப் அப்-னு ஒன்னு இருக்கும், அதையும் சில விநாடி தாமதமாக்கினேன். இப்ப ஃபேன் ஓடுதான்னு குனிஞ்சு பாத்தாதான் தெரியுது.

அடுத்த வீடியோல பின்பக்க ஒயரெல்லாம் கட்டப் போறேன். இந்த ஃபேன்ல இருந்து தொங்குதே ஒரு ஆர்ஜிபி கலர் லைட்டு ஒயர், அதை எங்க சொருகறதுன்னு யாரும் கேக்காதீங்க. சொருகப் போறதே இல்ல. பாப்போம் மக்களே!