எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும்

அன்பான நேயர்களே, வணக்கம். இந்த நேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டோ, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டோ இருப்பீர்கள். கைவேலையை விட வேண்டாம், காதை மட்டும் இங்கே தாருங்கள்.

நான் நெடுங்காலமாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வேதாகமத்தில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்த இடத்தைத்தான் சொல்வேன். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கக் கண்ட மனுஷன், யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு ஓடி, வனாந்தரத்தில் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அந்தப் "போதும்" எங்கள் வாயிலும் வந்த சொல்தான். யானை வயலுக்குள் இறங்கிய இரவில் வந்திருக்கும். நுண்கடன் வசூலிப்பவர் படலையில் நின்று கூப்பிடும்போது, உள்ளே பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கையில் வந்திருக்கும்.

கடவுள் அவரை ஏசினாரா? இல்லை. தூதன் வந்து தட்டி எழுப்பினான்: எழுந்து சாப்பிடு. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்தான். அப்போதும் ஏச்சு இல்லை, சாப்பாடுதான்.

இதை நான் வயலோரத்தில்தான் படித்தேன். 2018 மார்கழியில், நத்தாருக்குச் சில நாள் முன்பு கொட்டிய மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் சபையில் ஒரு தங்கச்சியைப் பார்க்கப் போனேன். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். குசினிச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. நெல்மூட்டையின் சாக்கு இழைகளுக்குள்ளால் முளை வெளியே வந்திருந்தது, பச்சையாய், அழகாய். அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ரீச்சர், செபம் செய்ய வாயே வருகுதில்லை."

என்னிடம் வசனம் ஆயத்தமாக இருந்தது. சொல்லவில்லை. கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறந்து, "வாய் வராட்டிப் பரவாயில்லை பிள்ளை, இதைக் குடியும்" என்றேன். பாணும் கொஞ்சம் சம்பலும் இருந்தன. சாப்பிட்டாள். பிறகு வாங்கிலேயே படுத்து, பின்னேரம் வரைக்கும் நித்திரை. நானும் பிள்ளைகளும் சேற்றை வழித்தோம். எழும்பியவள் முதலில் அழுதாள், பிறகு "கஞ்சி வைப்பமா ரீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அதுதான் அன்றைய ஆராதனை.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: செபிக்க முடியாத நாளில் உங்களுக்கு விசுவாசம் இல்லையென்று நினைக்காதீர்கள். எலியாவும் அன்று செபித்த செபம் "போதும்" ஒன்றுதான், அதையும் கடவுள் கேட்டார். முதலில் சாப்பிடுங்கள், படுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசுவும் சொன்னார் அல்லவா? இன்றைய நாளை மட்டும் கேளுங்கள்.

கடனைப் பற்றி ஒரு சொல். ஒன்றை அடைக்க இன்னொன்றுக்குக் கையெழுத்து வைக்க முன்பு, நம்பிக்கையான ஒருவரிடம் தொகையை வாய்திறந்து சொல்லுங்கள். வெட்கம்தான், ஆனாலும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் தயவுசெய்து ஏச வேண்டாம். தூதன் ஏசவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி கை காட்டுகிறார். பிறகு ஓரேப் மலையிலே எலியா கேட்ட மெல்லிய சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போக மனமில்லை: வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் விடாமல் வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், இலங்கை அரசாங்கத்தின் மனநல உதவி இணைப்பு அது. உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் இன்று அடுப்புப் புகை காணவில்லையென்றால், ஒரு தரம் போய் எட்டிப் பாருங்கள். வணக்கம்.