மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு பகல், ஒரு கச்சேரி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஃபார்ம் எய்ட் என்று ஒரு கச்சேரி நடக்கிறது. குடும்பமாக நிலத்தை வைத்துப் பயிர் செய்யும் விவசாயிகளுக்கு நிதி திரட்டுகிற கச்சேரி. 1985இல் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும் இன்றுவரை நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஊர். 2023 செப்டம்பர் 23ஆம் தேதி இண்டியானா மாநிலத்தில் நோபிள்ஸ்வில் என்ற ஊரில் நடந்தது. என் மகள் குடும்பம் பக்கத்தில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் இருக்கிறது. மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான், என் மனைவி என்று எல்லோரும் போயிருந்தோம்.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர்க்கடன், நகைக்கடன், தவணை, வட்டி, ஜப்தி என்ற சொற்களோடே வாழ்க்கை போயிற்று. அதனால் அந்தக் கச்சேரியைப் பாட்டுக் கேட்கிற காதோடு மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. கடனில் மாட்டிய விவசாயிகளுக்காக ஒரு நாடே உட்கார்ந்து பாடுகிறது என்றால் அது எதற்கு உதவுகிறது, எப்படி உதவுகிறது என்று பார்க்கத் தோன்றியது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லைவ் எய்ட் என்ற பெரிய கச்சேரி லண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்தது. பிலடெல்பியா மேடையில் பாட வந்த பாப் டிலன், திரளும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து அமெரிக்க விவசாயிகளின் அடமானக் கடனை அடைக்கலாமே என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பட்டினியால் சாகிறவர்களுக்காகக் கூடிய இடத்தில் இப்படிப் பேசலாமா என்று கண்டனம் வந்தது. ஆனால் வில்லி நெல்சன் என்ற பாடகர் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். நெல்சன் டெக்ஸஸில் ஒரு சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிறு வயதில் பருத்தி எடுத்தவர். அவரும் நீல் யங், ஜான் மெல்லென்காம்ப் என்ற இன்னும் இரண்டு பாடகர்களும் சேர்ந்து பத்தே வாரத்தில் இல்லினாய் மாநிலத்து ஷாம்பெய்ன் நகரத்தில் ஒரு கச்சேரி நடத்திக் காட்டினார்கள். சுமார் 80,000 பேர் வந்தார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

அந்தப் பணத்தைக் கடனோடு வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அமெரிக்க விவசாயிகளின் மொத்தக் கடன் ஏறத்தாழ 20,000 கோடி டாலர். கணக்குப் போட்டால், ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்கு மூன்றரை ரூபாய்தான் வருகிறது. சங்கத்தில் யாராவது இப்படி ஒரு நிவாரணத்தைக் கொண்டுவந்திருந்தால் ரசீது போடுகிற செலவுக்குக்கூடக் காணாதே என்றுதான் சொல்லியிருப்போம்.

அந்தக் கடன் வந்த கதையும் நமக்குப் புரியக்கூடிய கதைதான். 1970களில் சோவியத் யூனியன் அமெரிக்காவிடம் தானியத்தை அள்ளி வாங்கியது. விலை ஏறியது. வேலி ஓரம் வரைக்கும் விதையுங்கள் என்று அரசாங்கமே தூண்டியது. நிலத்தின் விலை ஏற ஏற, அதை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதும் ஏறியது. அப்புறம் பணவீக்கத்தை அடக்க வட்டியைக் கூட்டினார்கள். வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 1980 டிசம்பரில் 21.5 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்க அமெரிக்கா தடை போட்டதால் வாங்குகிறவனும் போனான். அயோவா மாநிலத்தில் 1981இல் ஏக்கர் சராசரியாக 2,147 டாலருக்குப் போன நிலம் 1986இல் 787 டாலருக்கு இறங்கியது. ஈடாக வைத்த சொத்து கடனை விடக் குறைந்துவிட்டால், ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தவனுக்கும் அடுத்த சாகுபடிக்குக் கடன் கிடைக்காது. டிராக்டர், மாடு, வீடு, நிலம் என்று எல்லாம் ஏலத்துக்கு வந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பணக்கார நாட்டில் இப்படியும் நடந்தது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

சரி, நோபிள்ஸ்வில்லுக்கு வருகிறேன். ரூஆஃப் மியூசிக் சென்டர் என்பது இடத்தின் பெயர். மேடைக்கு முன்னால் கூரை போட்ட இருக்கைகள்; அதற்குப் பின்னால் பெரிய புல்வெளிச் சரிவு. நாங்கள் புல்வெளிக்குத்தான் சீட்டு வாங்கியிருந்தோம். போகிற வழி நெடுக மக்காச்சோளம், காய்ந்து வெளுத்து அறுவடைக்கு நின்றுகொண்டிருந்தது. அங்கே வயலில் நிற்கிற மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகவும் எத்தனால் எரிபொருளாகவும் போகிறது. மனிதர்கள் கடித்துத் தின்கிற இனிப்புச் சோளம் வேறு ரகம், பரப்பும் கொஞ்சம்தான். இதை மாப்பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னபோது, "இவ்வளவு விளைஞ்சும் தட்டுக்கு வராதா?" என்று என் மனைவி கேட்டாள்.

நண்பகல் வாக்கில் பாட்டு தொடங்கி இரவு பதினொரு மணி வரை போகிற நாள் அது. பெரிய பெயர்கள் எல்லாம் இருட்டிய பிறகுதான். ஆனால் அந்தப் பகல்தான் இந்தக் கச்சேரியின் உயிர் என்பது என் எண்ணம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிற கச்சேரியாக இருந்தால், வந்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாள் முழுக்க என்றால் பசிக்கும், கால் மரத்துப்போகும், குழந்தை ஓரிடத்தில் உட்காராது. எழுந்து நடந்தாக வேண்டும். நடக்கிற வழியில் விவசாயிகள் நிற்கிறார்கள்.

ஹோம்குரோன் வில்லேஜ் என்று ஒரு பகுதி. கண்காட்சி என்றால் தட்டி வைத்துத் துண்டறிக்கை கொடுப்பார்களே, அது இல்லை. மண்ணைத் தொட வைக்கிறார்கள், விதையைப் பிரிக்கச் சொல்கிறார்கள், மக்கு உரம் எப்படி ஆகிறது என்று காட்டுகிறார்கள். என் பேத்திக்கு அப்போது எட்டு வயது. ஒரு விவசாயி அம்மா அவள் இரண்டு கையிலும் இரண்டு விதமான மண்ணை வைத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஒன்று ஆண்டு முழுக்க ஏதாவது பயிர் மூடியிருந்த மண், இன்னொன்று வெறுமனே உழுது போட்ட மண். "தாத்தா, இதுல மழை வாசனை அடிக்குது" என்று முதல் கையை நீட்டினாள். என் மனைவி அந்த மண்ணை விரலால் உருட்டிப் பார்த்து, எங்கள் ஊரில் சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவோம் என்று தமிழிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா என்ன விதை, எத்தனை நாளில் மடக்குவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பாட்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பேச்சு வெகுநேரம் நடந்தது. எனக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

சாப்பாட்டிலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். 2007இலிருந்து அங்கே விற்கிற உணவுக்குப் பொருள் குடும்பப் பண்ணைகளிலிருந்து வர வேண்டும், விளைவித்தவருக்கு நியாயமான விலை போக வேண்டும் என்று விதி. தட்டும் மக்கும், மிச்சமும் மக்கும். அதைப் பிரித்துப் போடத் தொண்டர்கள் நிற்கிறார்கள். இசைக் கலைஞர்களும் கூலி வாங்காமல்தான் பாடுகிறார்கள்.

பால் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் மாப்பிள்ளையும் நானும் பேசினோம். வைத்திருந்தவர்தான், இப்போது இல்லை. மாடுகளை விற்ற நாளில் தொழுவத்துக்குள் போக முடியவில்லை என்றார். அமெரிக்காவில் 2003இல் ஏறத்தாழ 70,000 பால் பண்ணைகள் உரிமம் பெற்று நடந்தன. 2022இல் அது 28,000க்கும் கீழே வந்துவிட்டது. பால் குறையவில்லை, கூடியிருக்கிறது. கறக்கிற குடும்பங்கள்தான் குறைந்தன. 1980களின் கதை முடிந்துபோனது என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவரிடம் பேசிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

லட்சத்துக்கு மூன்றரை ரூபாய் என்றேனே, அது என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். கடனை அடைக்க அது போதாது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் கடனில் மாட்டிய விவசாயி கூப்பிட ஒரு உதவித் தொலைபேசி வைத்தார்கள். மறுமுனையில் சட்டம் தெரிந்தவர், கணக்கு தெரிந்தவர், வெறுமனே காதுகொடுத்துக் கேட்பவர் யாரையாவது சேர்த்துவிடுவார்கள். உள்ளூர் விவசாயச் சங்கங்களுக்குப் பணம் போயிற்று. 1987இல் நெல்சனும் மெல்லென்காம்ப்பும் விவசாயிகளையே அழைத்துக்கொண்டு போய் நாடாளுமன்றக் குழு முன்னால் நிறுத்தினார்கள். பாடகர் வந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தால் உறுப்பினர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த ஆண்டே வேளாண் கடன் சட்டம் நிறைவேறியது. போராடிய விவசாய அமைப்புகள் பல, அதில் இவர்கள் குரலும் ஒன்று.

அந்தச் சட்டத்தில் ஒரு விதியை நான் படித்துப் படித்துப் பார்த்தேன். நிலத்தை ஏலம் போட்டால் கிடைக்கிற தொகையும், கடனைத் திருத்தி அமைத்து விவசாயியையே உழ விட்டால் திரும்புகிற தொகையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திருத்தி அமைப்பதில் நஷ்டம் இல்லை என்றால் ஏலத்துக்குப் போகக் கூடாது. அரசுக் கடன் நிறுவனத்துக்கு இது கட்டாயம். ஏலம் என்ற சொல்லை எழுதுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடு என்கிறார்கள், அவ்வளவுதான். பேனாவைக் கையில் வைத்திருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு கணக்குக் காப்பாற்றக்கூடிய குடும்பங்கள் நிறைய.

இதை இந்த வானொலி நிலையத்திலிருந்து சொல்வதில் எனக்கு ஒரு நிறைவு. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை மாவட்டத்து வயல்களுக்குக் கொண்டுசேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ரேடியோ நெல் என்றே அதைக் கூப்பிட்டார்கள். காற்றில் போகிற குரல் வயலுக்கு உதவும் என்று இங்கே யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இரவுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல்சனுக்கு அப்போது 90 வயது. அவருடைய மகன்கள் லூக்கஸும் மைக்காவும் அன்றைக்கு அதே மேடையில் பாடினார்கள். அவர் கையில் டிரிக்கர் என்று பெயர் வைத்த பழைய கிட்டார், 1969இலிருந்து வைத்திருப்பது. மீட்டி மீட்டிப் பலகையே தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. இருட்டிய பிறகு, நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத ஒருவர் கிட்டாரோடு வந்து நின்றார். பாப் டிலன். 1985இல் ஷாம்பெய்னில் டாம் பெட்டி என்ற பாடகரும் அவருடைய ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவும் டிலனுக்கு வாசித்தார்கள். டாம் பெட்டி இப்போது உயிரோடு இல்லை, அந்தக் குழுவில் மிஞ்சியவர்களோடு டிலன் வந்து மூன்று பாட்டுப் பாடினார். பேச்சு எதுவும் இல்லை. எனக்கு அந்தப் பாட்டுகள் பழக்கமில்லை, சொல்லும் முழுக்கப் புரியவில்லை. ஆனால் அந்தச் சரிவு முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பிறகு நடந்தது ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த மண் காட்டிய அம்மாவைப் போன்றவர்கள் பங்குமுறையில் காய்கறி விற்கிறார்கள். பருவத்துக்கு முன்னாலேயே நகரத்துக் குடும்பம் முழுத் தொகையைக் கட்டிவிடுகிறது. விளைய ஆரம்பித்ததும் வாரம் ஒரு பெட்டி வரும். மழை கெடுத்தால் பெட்டியும் இளைக்கும், அதைக் கட்டியவரும் பொறுத்துக்கொள்கிறார். விதைக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படுகிற மாதத்தில், வட்டியில்லாமல், சாப்பிடப்போகிறவரிடமிருந்தே அது வந்துவிடுகிறது. என் மகள் மறு ஆண்டு இண்டியானாபோலிஸ் பக்கத்திலேயே ஒரு பண்ணையில் பங்கு எடுத்தாள். முதல் பெட்டியில் முள்ளங்கியும் கீரையும்தான் இருந்தனவாம். தொலைபேசியில் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "யாருடி விளைவிச்சது, பேரு என்ன?" என்பது. மகளுக்குப் பெயர் தெரிந்திருந்தது. எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால் தண்ணீர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரைக்கும் சொன்னாள்.

நன்றி, வணக்கம்.