தாளத்தை ஆண்டு விழாவுக்கென்று பூட்டி வைக்காதீர்கள்

தலைப்பு: குழந்தைகளின் கற்றலுக்கும் ஒட்டுறவுக்கும் பெரிதும் துணை நிற்பது பாடப்புத்தகமும் பயிற்சியுமா? தாளமும் ஆட்டமுமா?

‘தாளமும் ஆட்டமுமே’ என்ற அணியில் ஆற்றிய உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டுப்பாடம் பாதியில் நிற்கப் பிள்ளைகளையும் கையோடு அழைத்து வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். ஆட்டமும் பாட்டும் பிள்ளைகளின் கவனத்தைக் கலைக்கும் என்றார். பாடிப் படித்தது கிளிப்பிள்ளைப் பாடம், அது புரிதல் ஆகாது என்றார். பாடத்தை முடிக்கவே நேரமில்லாதபோது கும்மிக்கு நேரம் எங்கே என்றார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் நடுவர் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கை இந்த மேசையை டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் கவனத்தைக் கலைக்கும் என்பதைக்கூட அவரால் தாளம் போடாமல் சொல்ல முடியவில்லை!

முதலில் மனப்பாடக் குற்றச்சாட்டு. அவையோருக்கு ஒரு கேள்வி. மெய்யெழுத்து வரிசையில் ழகரத்துக்கு முந்திய எழுத்து எது? யோசியுங்கள். இதோ, உதடுகள் அசைகின்றன. ‘கஙச, ஞடண, தநப, மயர, லவழ’ என்று ஓடி வந்து, வகரத்தில் நிற்கிறீர்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரும் அந்த வழியாகத்தான் வந்தார், நான் பார்த்தேன். ஆமாம், இது மனப்பாடம்தான். ஆனால் வல்லினமும் அதன் இன மெல்லினமும் இணை இணையாக இந்த வரிசையில் நிற்கின்றன என்று பிற்பாடு இலக்கண ஆசிரியர் சொல்லும்போது, வரிசை வாயில் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது சட்டென்று விளங்கும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே ஓதிய காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. புரிதல் வந்து உட்காரத் தாளம் திண்ணை போட்டு வைத்தது.

சரி, மனப்பாடத்தோடு நின்றுவிடுமா தாளம்? மீச்சிறு பொது மடங்கு என்று ஒரு பாடம் வருகிறது. பெயரைக் கேட்டதுமே பாதி வகுப்புக்குத் தண்ணீர்த் தாகம் எடுத்துவிடும். மூன்றின் மடங்குகள் ஒரு வரி, நான்கின் மடங்குகள் ஒரு வரி எழுதி, இரண்டிலும் வரும் மிகச் சிறிய எண்ணுக்கு வட்டம் போடுவார்கள். ஏன் அதற்கு வட்டம் என்று கேட்டால், ‘ஆசிரியர் போடச் சொன்னார்’ என்பார்கள். இந்த அரங்கிலேயே செய்து பார்ப்போம். இடப்பக்கம் இருப்பவர்கள் ‘தகிட, தகிட’ என்று சொல்லுங்கள். வலப்பக்கம் ‘தகதிமி, தகதிமி’. வேகம் ஒன்றே. சொல்லின் முதலில் வரும் ‘த’வுக்கு மட்டும் கை தட்டுங்கள். நடுவர் அவர்களே, நீங்களும்தான். கேட்க ஆளில்லை என்று சும்மா இருக்கக் கூடாது.

தொடக்கத்தில் இரு பக்கமும் சேர்ந்து தட்டினீர்கள். அடுத்து இடப்பக்கம் தனியாக, வலப்பக்கம் தனியாக, மறுபடி இடம், வலம், இடம்... இதோ, சேர்ந்து விழுந்தது! இடப்பக்கத்தார் நான்கு தகிட முடித்திருக்கிறார்கள். வலப்பக்கத்தார் மூன்று தகதிமி. இரண்டும் 12 அட்சரம், அதாவது 12 எழுத்து. மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று சொல்வீர்களா? ஐந்துக்குத் தகதகிட இருக்கிறது, ஏழுக்குத் தகிடதகதிமி இருக்கிறது. தகிடவையும் தகதகிடவையும் ஓடவிட்டால் எங்கே சந்திக்கும் என்று இந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள். காகிதம் கேட்காமல் 15 என்பார்கள். பரத வகுப்பில் தட்டடவு என்னும் காலடிப் பயிற்சியை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் ஆடுகிற சிறுமி, ஒரு தட்டுக்கு ஓர் அடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று மிதிக்கிறாள். அரையும் காலும் அவள் பாதத்துக்குத் தெரியும். மறுநாள் பள்ளியில் பின்னம் என்று கரும்பலகையில் எழுதினால் அதே சிறுமி விழிக்கிறாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கை விடுங்கள், எழுத்துக்கு வாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்த மாத்திரைக்கு நம் இலக்கணக்காரர்கள் எடுத்த அளவுகோல் எது? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். உடம்பிலிருந்து எடுத்த அளவு. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இரண்டாம் வகுப்பு எடுப்பவர். அவர் வகுப்பில் ஒரு பையன், ‘காலை’ என்று சொன்னால் ‘கலை’ என்று எழுதுவான். ‘பாடம்’ அவன் கையில் ‘படம்’ ஆகிவிடும். சிவப்பு மையால் திருத்தித் திருத்தி நோட்டில் இடமில்லாமல் போனது. பிறகு அந்த ஆசிரியை நோட்டை மூடி வைத்துவிட்டு வகுப்பையே எழுந்து நிற்கச் சொன்னார். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிவிட்டுக் கையை விரித்து நீட்டி இழுக்க வேண்டும். படம், பா...டம். கலை, கா...லை. அடுத்து நடை: குறிலுக்குக் குட்டி அடி, நெடிலுக்கு எட்டி ஓர் அடி. வகுப்பே வராந்தாவில் ‘படம், பாடம்’ என்று நடந்து போயிற்று. அதன் பிறகு சொல்வதெழுதுதல் வைத்தபோது அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? வலது கையில் பென்சில். இடது கையைப் பெஞ்சுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மெல்ல இழுத்துப் பார்த்தான். பிறகுதான் துணைக்கால் போட்டான்.

இது ஒரு பையனின் கதை, ஆய்வு ஆகுமா என்று கேட்பார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உஷா கோஸ்வாமி என்ற பேராசிரியர் நெடுங்காலமாக இதையே ஆராய்கிறார். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தைகளில் பலருக்கு, ஒரு தாளத்துக்கு ஒத்துத் தட்டுவதும் கடினமாக இருக்கிறது. பேச்சில் அசைகள் எங்கே எழுகின்றன, எங்கே அடங்குகின்றன என்பதைக் காது பிடிப்பதில் வரும் தடுமாற்றத்தில்தான் இந்தச் சிக்கலின் வேர் என்பது அவர் கருத்து.

இன்னும் முன்னால் போகலாம். 2009-இல் ஹங்கேரியில் ஒரு சோதனை நடந்தது. பிறந்து இரண்டு, மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது தாளத்தை ஒலிக்கவிட்டு, இடையிடையே முதல் அடியை மட்டும் தவறவிட்டார்கள். அடி விழாத இடத்தில் அந்தப் பிஞ்சுகளின் மூளை திடுக்கிட்டது மின்பதிவில் தெரிந்தது. நம் புலவர்களிடம் கருவி ஏதும் இல்லை, கண் இருந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வகுத்தவர்கள் தாலாட்டுக் கேட்கத் தால், கை கொட்டச் சப்பாணி, பறை கொட்டச் சிறுபறை என்று மூன்றைத் தாளத்துக்கே ஒதுக்கினார்கள். பயிற்சித்தாள் நிரப்பும் பருவம் என்று ஒன்றை அவர்கள் வைக்கவில்லை!

இப்போது எதிரணிக்கு நானே ஓர் உதவி செய்கிறேன். அடுத்து வருபவர் எடுத்துவிடுவார் என்பதால் முன்கூட்டியே தந்துவிடுகிறேன். இசை கேட்டால் அறிவு பெருகும் என்று ஒரு கதை உலகம் சுற்றியது. 1993-இல் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட் இசையைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். ஒருவகைத் தேர்வில் கொஞ்ச நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தார்கள். பெரியவர்கள், பத்து நிமிடம், ஒரு தேர்வு, அவ்வளவுதான். ஆனால் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க வேண்டும் என்று அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு அது ஊதிப் பெருகிவிட்டது. இசைப் பயிற்சியால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் தானாக ஏறும் என்ற ஆய்வுகளைப் பிற்பாடு சலித்துப் பார்த்தவர்களும், ஒழுங்காகக் கட்டுப்படுத்திச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் ஏறக்குறைய மறைந்துபோகிறது என்கிறார்கள்.

ஆகவே, தாளம் போட்டால் நூற்றுக்கு நூறு என்று எந்த நிறுவனமாவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால் வாங்காதீர்கள். எங்கள் அணி அந்தக் கடையைத் திறக்கவில்லை. மீச்சிறு பொது மடங்குக்குத் தகிட உதவியது, அந்தத் தகிடவுக்குள்ளேயே கணக்கு இருந்ததால். குறில் நெடிலுக்குக் கைத்தட்டு உதவியது, எழுத்துக்குள்ளேயே காலம் இருந்ததால். பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு பாட்டை வகுப்பில் ஓடவிட்டுவிட்டு அறிவு வளரக் காத்திருப்பது வேறு விஷயம். அதை எதிரணி தாராளமாகக் கேலி செய்யட்டும், நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம்.

தலைப்பில் ‘ஒட்டுறவு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எதிரணித் தலைவர் தொடவே இல்லை. எப்படித் தொடுவார்? பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு முன்னால் இருப்பவனின் பிடரி மட்டும்தானே தெரிகிறது!

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில், நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராக விளையாடவிட்டு ஒரு சோதனை செய்தார்கள்; 2010-இல் வெளிவந்தது. சில இணைகள் பாடிக்கொண்டும் தாளம் தட்டி ஆடிக்கொண்டும் விளையாடின. மற்ற இணைகள் அதே விளையாட்டைப் பாட்டும் தாளமும் இல்லாமல் விளையாடின. பிறகு ஒரு குழந்தை கொண்டு போகும் கோலிக்குண்டுகள் வேண்டுமென்றே கொட்டும்படி செய்தார்கள். சேர்ந்து பாடி ஆடிய குழந்தைகள்தான் மற்றக் குழந்தைக்குக் கூடுதலாக உதவப் போனார்கள். கனடாவில் 14 மாதக் குழந்தைகளை வைத்தும் பார்த்தார்கள். தன் உடலோடு கட்டிய குழந்தையை ஒருவர் தாளத்துக்குத் துள்ளவிட, எதிரே நிற்பவரும் துள்ளினார். குழந்தையோடு ஒத்துத் துள்ளியவர் பின்னர் பொருளைத் தவறவிட்டபோது, குழந்தைகள் எடுத்துக் கொடுத்தது அதிகம். ஒத்துத் துள்ளாதவருக்கு அந்த அளவு உதவி கிடைக்கவில்லை. பேசத் தெரியாத வயது, அறிவுரை எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன்? நம் பள்ளிகளில் மணிக்கட்டைப் பார்த்து, கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து, இவன் யார், அவன் யார் என்று பிள்ளைகள் தரம் பிரித்த கொடுமை நமக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டும்தான், அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் கயிற்றை அவிழ்த்த கை அடுத்து என்ன செய்யும்? ‘சாதி இரண்டொழிய வேறில்லை’ என்று பத்து முறை எழுதுமா? எழுதி எழுதித்தான் இத்தனை காலம் ஓட்டினோம்.

கோலாட்டத்தைப் பாருங்கள். இரண்டு வட்டம், உள்வட்டம் ஒரு பக்கம், வெளிவட்டம் மறுபக்கம் நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் எதிரே நிற்கும் ஆள் மாறிக்கொண்டே வருவார். என் கோலை அவன் தட்ட வேண்டும், அவன் கோலை நான் தட்ட வேண்டும். பிடித்தவன், பிடிக்காதவன், பேசாதவன் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அடுத்த அடி வந்துவிடும். பின்னல் கோலாட்டத்தில் இன்னும் கஷ்டம். மேலிருந்து தொங்கும் கயிறுகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்குள் ஒருவர் புகுந்து ஆடிப் பின்னுவார்கள். பிறகு அதே அடவைத் திருப்பி ஆடிப் பின்னலைப் பிரிப்பார்கள். ஒருவர் ஓர் அடி தவறினாலும் எல்லோருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும். அங்கே முதல் மாணவன், கடைசி மாணவன் என்று கிடையாது. ஒரே நாள் ஆட்டத்தில் பகை தீர்ந்துவிடும் என்று கதைவிட நான் வரவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் தனக்கும் நட்டம் என்று ஒரு பிள்ளைக்கு உடம்பில் உறைக்கிற பாடம், பயிற்சித்தாளின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

கவனம் கலையும் என்றாரே, கோலாட்டத்தில் கவனம் கலைந்தால் விரலில் கோல் விழும். அதைவிடக் கடுமையான கண்காணிப்பாளர் எந்தத் தேர்வு அறையிலும் இல்லை.

கூச்சப்படும் பிள்ளை என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. ஆட்டம் என்றாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவர்களை இழுத்து நடுவில் விடுவது தாளமல்ல, தண்டனை. கையில் ஒரு ஜோடி ஜால்ராவைக் கொடுத்து ஓரத்தில் உட்காரவையுங்கள். வட்டம் முழுவதும் அந்தப் பிள்ளையின் கையைக் கேட்டுத்தான் நகர வேண்டும். சேரத் தோன்றும் நாளில் தானே சேரட்டும். காது கேளாத பிள்ளைக்கும் வழி உண்டு. தரையில் மிதிக்கும் அதிர்வு பாதம் வழியே ஏறும், எதிரே தட்டுகிறவர்களின் கை கண்ணுக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிடம். நேரமில்லை என்ற குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது; 2023-இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் ஆட்டமும் சேர்த்துத்தான் அதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகளின் கைகால்கள் எங்கே போய்விட்டன? எந்தப் பள்ளியிலும் ஆண்டு விழா நெருங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஒத்திகை. கணக்குப் பாடவேளை போகும், அறிவியல் பாடவேளை போகும், கேட்க ஆளில்லை. நன்றாக ஆடும் பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துப் பளபளவென்று உடை மாட்டி முன்னால் நிறுத்துவார்கள். மீதிப் பிள்ளைகள் நாற்காலி தூக்குவார்கள். சில பேருக்காக இத்தனை பாடவேளை கிடைக்கிற பள்ளியில், எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று கை தட்ட நாளுக்குப் பத்து நிமிடம் ஏன் கிடைக்கவில்லை? கருவி வேண்டாம், உடை வேண்டாம், மேடை வேண்டாம். எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வரும் அம்மையார் கணக்கு ஆசிரியை என்று சொன்னார்கள். இந்தக் கணக்கை அவர் போட்டுக் காட்டட்டும், மேசையைத் தட்டாமல்.