தாத்தாவுக்குத் திதி கிடைத்தது

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று டிசம்பர் 7, படைவீரர் கொடிநாள். 1949 முதல் கடைப்பிடித்து வருகிறோம். பள்ளியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்தில் ஒரு குட்டிக் கொடி தந்து காசு வாங்குவார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு ஒவ்வொரு நிறம். போரில் கணவரை இழந்த பெண்களுக்கும், உடல் உறுப்பை இழந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் அந்த நிதி போய்ச் சேர்கிறது. நான் சட்டையில் குத்திக்கொண்டு வரும் கொடியை என் அப்பாயி கழற்றி வாங்கி, விளக்கு மாடத்தில் வைத்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது அது என் மனத்தில் முள்ளாக இருக்கிறது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவது அவர்கள் வேலை. ராணுவத்தில் அவர்களுக்கு 'தம்பி' என்றே பெயர். 1942-இல் அப்பா ஆறு மாதக் குழந்தை. அப்போது பட்டாளத்துக்குப் போன தாத்தா, பர்மா போர்முனையிலிருந்து திரும்பவில்லை. முதலில் வந்த தந்தியில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்ததாம்.

செத்துவிட்டார் என்றால் அழுது தீர்க்கலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? அப்பாயி தாலியைக் கழற்றவில்லை. ஊரில் ஆளுக்கொன்று பேசியிருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு கடிதம் வந்தது. பென்ஷனும் வந்தது. மாதாமாதம் கைநாட்டு வைத்து வாங்கினார். ஆனால் இறந்த நாள் எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் தாத்தாவுக்குத் திதி கிடையாது. மகாளய அமாவாசையில் எல்லோருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடும்போது அவருக்கும் ஒரு கை விடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். சுமார் 87,000 பேர் உயிரிழந்தார்கள். மியான்மரில், யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் என்ற இடத்தில், பர்மாப் போரில் மாண்டு, கல்லறை எதுவென்றே தெரியாமல் போன ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. அந்தப் பெயர்களை இப்போது இணையத்திலேயே தேடலாம்.

போன வருடம் தேடினேன். ஊர்ப் பெயரை வைத்துத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தார்கள். அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் பென்ஷன் காகிதம் ஒன்று இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, நாப்தலின் வாசனையோடு. அதில் இருந்த படை எண்தான் வழிகாட்டியது. பதிவு திறந்தது. பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள். 1945 மார்ச்சில் ஒரு நாள். நடு பர்மாவில் மெய்க்டிலாவுக்காகக் கடும் சண்டை நடந்த மாதம். அதற்குக் கீழே ஒரு வரி: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர். அந்த இரண்டாவது 'இன்னார்' என் அப்பாயி. தன் பெயரை எழுதத் தெரியாதவரின் பெயர், கடல் கடந்த ஒரு பதிவேட்டில் தாத்தாவின் பெயரோடு இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமலே அவர் போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போனவர் இருந்தால், பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். படை எண் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தாவின் பெயரைத் தூண் காத்தது. ஆனால் அவருக்குக் கம்பங்கூழில் மோர் ஊற்றினால் பிடிக்காது என்பது அப்பாயி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பழைய பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தோம். மாசி மாதத் தேய்பிறை சப்தமி. இந்த வருடம் அந்தத் திதியில், 80 வயது தாண்டிய என் அப்பா, முகம் பார்த்தறியாத தன் தகப்பனாருக்கு முதல்முறையாகத் தனியே தர்ப்பணம் கொடுத்தார். கரையேறி ஈர வேட்டியோடு உட்கார்ந்தவர், அந்தப் பதிவின் நகலை என்னிடம் நீட்டினார்.

"அம்மா பேரு வர்ற வரிய இன்னொரு தடவ படிம்மா" என்றார்.

நன்றி, வணக்கம்.