படிச்சுக் காட்டு, அப்புறம் கைநாட்டு

(தருமபுரிப் பட்டிமன்றம். தலைப்பு: "அரசியல் ஆபத்து வந்தால் மக்களைக் காப்பது வீதிப் போராட்டமா, சபை நடைமுறையா?" இது 'சபை நடைமுறையே' அணியின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும் தருமபுரி மக்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி. நேரே எதிரணித் தம்பியிடம் வருகிறேன்.

தம்பி என்ன சொன்னார்? "இது அதியமான் வேல் பிடித்த மண். ஆபத்து என்றால் வீதிக்கு வருவோம். அந்த அக்கா மட்டும், வீடு பற்றி எரிந்தாலும் எந்த விதிப்படி தண்ணீர் ஊற்றுவது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பார்." நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, அதியமான் வேல் பிடித்தார், சரி. ஆனால் தொண்டைமானோடு பகை முற்றியபோது இந்தத் தகடூரிலிருந்து தூது போனது யார்? ஒளவை. கையில் வேல் கிடையாது. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஒளவை பார்க்கிறார். "இங்கே எல்லாம் பீலி சூடி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்கிறார். புகழ்கிற மாதிரியே எச்சரிக்கை! அவையில் எதை, எப்படி, எந்த இடத்தில் சொல்வது என்று தெரிந்த பெண் அவர். வேலைப் பற்றிப் பேசிய தம்பி ஒளவையை ஏன் விட்டுவிட்டார்?

இப்போது அந்தத் தீக்கு வருகிறேன். தீ எங்கே பற்றும், தம்பி? 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. கையெழுத்து முதலில், கலந்து பேசுவது பிறகு! அதே வருடம் ஆகஸ்டில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்று அரசியலமைப்பையே திருத்தினார்கள். 7ஆம் தேதி மக்களவை, 8ஆம் தேதி மாநிலங்களவை, 10ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. 39ஆவது திருத்தம் முடிந்தது! அரசியலமைப்புக்கு மூன்றே நாள். அந்தத் தீ வீதியில் பற்றவில்லை. சபைக்குள்ளே, முறையை அவசர அவசரமாகத் தாண்டியபோது பற்றியது.

அன்று சிறைக்குப் போனவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கதவை மறுபடி பூட்டியது எது? 1978இல் வந்த 44ஆவது திருத்தம். இனி அமைச்சரவை எழுத்தில் பரிந்துரைத்தால்தான் ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் இரண்டு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. இதெல்லாம் தம்பி கிண்டல் செய்தாரே, அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

"இதெல்லாம் டெல்லி, நமக்கென்ன?" என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். பென்னாகரம் பக்கம் ஒரு கிராம சபையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மூவாயிரம் பேருக்குள் இருக்கிற ஊர். சபை செல்லுபடியாக 100 பேர் வேண்டும். நோட்டு வருகிறது. வரிசையாகக் கையெழுத்து. மேலே பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மை தடவிய விரலை நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மேல ஒண்ணும் எழுதலியே தம்பி?"

செயலர் சொன்னார்: "வழக்கமா எழுதுறதுதான் பாட்டி."

"அப்போ அந்த வழக்கத்தை எழுதிப் படிச்சுக் காட்டு. அப்புறம் கைநாட்டு."

"வெயில் ஏறுது பாட்டி."

"நான் கேவுரு களை எடுக்கிற அதே வெயிலுதான். படி."

கவனியுங்கள், பாட்டி கத்தவில்லை. கல் எடுக்கவில்லை. விரலைத் தூக்கியபடியே நிற்கிறார். மை காய்கிறது! பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வரிசையை விட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது நூறு எங்கே? ஐம்பதுகூடத் தேறாது. கூட்டமே செல்லாது!

வேறு வழியில்லை, எழுதினார்கள். படித்தார்கள். "ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று" என்று ஒரு தீர்மானம். பாட்டி தெருவில் குழாயே கிடையாது! எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று கிராம சபை சொன்னால் மேலே இருக்கிறவர்களுக்கு அதுதான் சான்று. அந்த விரல் மட்டும் இறங்கியிருந்தால் அந்தத் தெரு காகிதத்தில் தண்ணீர் குடித்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் தெரு தவிர" என்று எழுத வைத்த பிறகுதான் விரல் இறங்கியது. மை காய்ந்துவிட்டதால் இரண்டாம் முறை தடவ வேண்டியிருந்தது!

தம்பி, அந்தப் பாட்டி எந்த விதிப்படி தண்ணீர் ஊற்றினார்? நூறு பேர் வேண்டும் என்ற விதிப்படி.

விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள் என்றார் தம்பி. உண்மை. ஏன் உட்கார நேர்ந்தது? 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு வாக்குகளை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. எண்ணாமல் குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். அன்றே எண்ணியிருந்தால், மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருந்தால், அந்தக் குளிரில் அத்தனை பேரை இழந்திருப்போமா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம்.

அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஊருக்குள் புகுந்தன. அந்தப் பெண்களுக்கு நடந்ததை இந்த மேடையில் என் வாயால் சொல்ல முடியவில்லை. அரசே ஆபத்தாக வந்து நின்றபோது அவர்கள் எங்கே போனார்கள்? நீதிமன்றப் படி ஏறினார்கள். சாட்சிக் கூண்டில் நின்று, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 19 வருடம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, இதோ இந்தத் தருமபுரி நீதிமன்றத்தில், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

"அது கோர்ட்டு அக்கா, தலைப்பு சபை" என்று தம்பி எழுந்து சொல்வார். சொல்லட்டும். படிப்பு இல்லாத, பணம் இல்லாத, காட்டோரத்து என் அம்மாக்கள் முப்பது வருடம் சட்டத்தின் கையை விடவில்லை ஐயா. அவர்களை நினைத்து எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.